இருநூற்றுப் பதினான்கு கூரைகள்

நெரிமாவில், காசு போட்டுத் துணி துவைக்கும் கடைக்கு
மேல்மாடியில்
பத்தொன்பது வருடமாக
கினுகோவின் வேலை கறுப்பு.

ஒசனாய் கோடு போடுவார்.
கோட்டுக்குள் சிறிதாக ஒரு பெருக்கல் குறி வைப்பார்:
இங்கே இருட்டு வேண்டும்.
அவள் தூரிகையை நனைப்பாள்.
பெரும்பாலும் சுமிகாராவின் மேலங்கி.

சுமிகாரா மூன்றே வாரம் வாழ வந்தவன்.
ஏழாம் அத்தியாயத்தில் சிரித்து
எட்டில் அடித்து
ஒன்பதில் அடிபட்டுச் சாகவேண்டியவன்.
நாயகன் ஷோகிச்சி ஏறிப்போக ஒரு படிக்கல்,
அவ்வளவுதான்.

எட்டாம் அத்தியாயத்தின்போது கினுகோவுக்குக் காய்ச்சல்.
விடிந்தால் அச்சு.
மேலங்கியின் இரண்டாம் பொத்தானை
இருப்பது தெரியாமல்
மையோடு மையாக மெழுகிவிட்டாள்.

அடுத்த வாரம் அஞ்சலட்டைகள்.
அந்தப் பொத்தான் எங்கே?
ஒகயாமாவிலிருந்து ஒரு நாலாம் வகுப்பு:
யாரிடம் கொடுத்தான்?

பள்ளி முடிகிற நாளில்
நெஞ்சுக்குப் பக்கத்துப் பொத்தானைப் பிய்த்து
பிடித்தவளுக்குத் தருகிற தேசம்.
பிழை என்று யாருக்கும் தோன்றவில்லை.

பதிப்பாசிரியர் குசகாபே அட்டைகளை எண்ணினார்.
ஒன்பதில் சாகவேண்டியவன்
ஒன்பதில் தும்மினான்.
பிறகு அவனுக்கு ஓர் ஊர் முளைத்தது,
ஒரு தங்கை, ஒரு பனிக்காலம்,
சூப் ஆறும்வரை பேசாமலிருக்கும் பழக்கம்,
காதோரம் நரை.

ஷோகிச்சிக்கோ
பத்தொன்பது வருடமாகப் பதினைந்து வயது.
அடி விழும்போதெல்லாம் முன்னைவிட உரக்கக் கத்துவான்.
அதை வளர்ச்சி என்றார்கள்.

தீமை என்று எழுதினாலும்
நன்மை என்று எழுதினாலும்
வாலில் மை.
புட்டி ஒன்றுதான்.

இப்போது எண்ணூற்றுப் பன்னிரண்டு.
தொலைபேசியில் குசகாபே:
"அழட்டும். ஒரே சொட்டு.
ஷோகிச்சி கை நீட்டட்டும்.
வாசகர்கள் எப்போதோ மன்னித்துவிட்டார்கள்."

மணிக்கட்டில் வலிப்பட்டையோடு ஒசனாய்
ஒரு மணி நேரம் ஜன்னலைப் பார்க்கிறார்.
பிறகு வரைகிறார்.
நன்றாகவே வரைகிறார்.
அந்தச் சொட்டு கன்னத்தில் தயங்குகிற தயக்கத்தைப் பார்த்து
புதிதாகச் சேர்ந்த பையன் இத்தாரு மூக்கை உறிஞ்சுகிறான்.

பக்கம் கினுகோவின் மேசைக்கு வருகிறது.

அவளுக்கு அழுகை வரவில்லை.
முப்பத்தோராம் அத்தியாயம்,
மலையடிவாரத்து ஊரை இவன் எரித்த இரவு.
இருநூற்றுப் பதினான்கு கூரைகள்.
அளவுகோல் வைக்காமல், ஓடு ஓடாக
அவள்தான் வேய்ந்தாள்.
நான்கு நாள், சோற்றுருண்டையும் ஆறிய தேநீருமாக.
ஒரு வீட்டுக் கொடியில்
குழந்தைச் சட்டைகூடக் காயப்போட்டாள்,
யாரும் கேட்காமலே.
ஐந்தாம் நாள் பெருக்கல் குறிகளோடு திரும்பியது பக்கம்.
அத்தனையையும் அவளே கறுப்பாக்கினாள்.

இவனுக்குத் தங்கை முளைத்த பிறகு
கதை அந்த ஊர்ப் பக்கம் போகவே இல்லை.
பேர் வைத்த ஆள் ஒருவர்கூட அங்கே இருந்ததில்லை.
வசதிதான்.

இவன்மேல் அவளுக்குப் பாசம் இல்லாமலில்லை.
இத்தனை வருடம் ஒருவனுக்கு உடுத்திவிட்டால்
வராமலா போகும்?
பொத்தானைத் தொலைத்ததும் அவள்தானே.

மேலங்கியை நிரப்புகிறாள், ஓரம் பிசகாமல்.
பிறகு
நீட்டிய கைக்கும் பற்றிய கைக்கும் பின்னால்
ஒசனாய் சும்மா விட்டிருந்த வெள்ளையில்
இருப்பதிலேயே மெல்லிய முனையை எடுத்து
கூரைகளை வேயத் தொடங்குகிறாள்.
புகை இல்லை. ஆளும் இல்லை.
குசகாபே கேட்டால்
தூரத்து மலை என்று சொல்லிக்கொள்ளலாம்.

நூற்று அறுபதாவது கூரையில்
கீழே யாருடைய துணியோ சுற்றி ஓய்ந்து
இயந்திரம் மணியடிக்கிறது.
ஒசனாய் எழுந்து வந்து
அவள் தோளுக்குப் பின்னால் நிற்கிறார்.
அழிக்கிற வெள்ளை மை
அவர் கைக்கெட்டும் தூரத்தில்.

"கொடியில் ஒரு சட்டை இருந்ததே" என்கிறார்.

"அதற்குத்தான் இடம் விட்டிருக்கிறேன்."